பத்துப் பெருக்கல் குறிகள்

ஜூலை 3

இல்லை அக்கா, பயம் என்று சொல்ல முடியாது. பயந்தால் கை நடுங்கும். எனக்கு நடுங்குவதில்லை. பந்து வருகிறது, ரிங்கைப் பார்க்கிறேன், பார்த்து முடிப்பதற்குள் பந்து வேறு யார் கையிலோ இருக்கிறது. நான்தான் கொடுத்திருக்கிறேன்.

எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்துவிட்டேன். நலம்தானே நீ? நான் நலம். முழங்கால் சிராய்ப்பு ஆறிவிட்டது.

நீ போனில் கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. எனக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். நீ வேறு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "என்ன, என்ன" என்கிறாய். உன் பக்கம் லைன் ரொம்ப மோசம். அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். கூடைப்பந்து லீக்கில் முதல் மேட்ச். நான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். மறுநாள் காலை கோச் மேடம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். திட்டு எதுவும் இல்லை. ஒரே வரி. "கார்டுகள் இருவரும் சேர்ந்து: இரண்டு புள்ளி."

பந்தை மேலே கொண்டுவந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிற கார்டு நான். இன்னொரு கார்டு குருவி. அந்த இரண்டு புள்ளியும் குருவியுடையது. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தேன் என்று அவளே சொல்கிறாள். என் பெயரில் ஒன்றுமில்லை. ரிங்கை நோக்கி ஒரு பந்துகூட நான் எறியவில்லை.

மேடம் அறைக்குக் கூப்பிட்டார்.

"உன்னைத் தடுக்க வேண்டியவ எங்கே நிக்கிறா, பாத்தியா?"

"ஆறடி தள்ளி, மேடம்."

"ஏன்?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"நீ போடமாட்டேன்னு அவளுக்குத் தெரியும். உன்னை விட்டுட்டு ஒட்டகத்து மேலே போய் விழறா. அவங்க அஞ்சு பேர் ஆடறாங்க. நாம நாலு பேர்."

ஒட்டகம் எங்கள் அணியில் உயரமானவள், ரிங்குக்குக் கீழே நிற்பவள். வெளியே வந்ததும் அவளும் சொன்னாள்: "என் முதுகுல ரெண்டு பேர் குடித்தனம் பண்றாங்கடி. ஒருத்தியையாவது நீ வாங்கிக்கோ."

ஜனவரியில் பெரிய போட்டி. அதற்குள் கார்டுகளிடமிருந்து புள்ளி வராவிட்டால் என் இடத்துக்கு முதலாமாண்டிலிருந்து ஒருத்தி. நான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவள். அணியில் இல்லையென்றால் விடுதியிலும் இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு.

உன் வாண்டு


ஜூலை 15

அன்புள்ள வாண்டு,

நான் சுகம். முதுகு கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாற்காலி மாற்றச் சொல்லியிருக்கிறேன். உன் முழங்காலில் மண் சேராமல் பார்த்துக்கொள்.

இனிமேல் போன் வேண்டாம். எழுது. கிளினிக் போன் நோயாளிகளுக்கு. நீ பேசினால் அளக்கிறாய், எழுதினால் யோசிக்கிறாய்.

பந்து விஷயத்தில் எனக்கு என்ன தெரியும்? என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

போன வாரம் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் வந்தார். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தேன். சத்தம் கேட்டால் அவர் அழுத்துவார். வெளியே என் மேஜையில் சிவப்பு விளக்கு எரியும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவேன். எதுவரை விளக்கு எரிகிறதோ அதுவரை அவர் காது.

விளக்கு சீக்கிரமே நின்றுவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் புருவம் ஏறியது. கட்டை விரல் மட்டும் இறங்கவில்லை. கதவைத் திறந்தேன்.

"கேக்குதா சார்?"

"கேட்ட மாதிரி இருக்கும்மா. நிச்சயமாத் தெரியலே."

"கேட்ட மாதிரி இருந்தாலே அழுத்துங்க."

"தப்பாப் போயிட்டா?"

"தப்புன்னா எனக்குத் தெரியும். அதை நான் பாத்துக்கறேன்."

நாற்பது வருஷம் அடுத்தவர் தப்பைத் திருத்தியவர். தானே ஒரு தப்பைச் செய்ய அவருக்கு அரைமணி நேரம் ஆனது. பிறகு பார்த்தால் காது அப்படியொன்றும் மோசமில்லை. தாளில்தான் செவிடு.

இதை ஏன் எழுதினேன் என்று உனக்கே புரியும். நீ மட்டும் சளைத்தவளா?

அம்மாவிடம் சொல்லவில்லை. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே.

அக்கா


ஜூலை 30

அக்காவுக்கு,

முதுகு எப்படி இருக்கிறது? நாற்காலி வந்ததா? எனக்கு எந்தக் குறையும் இல்லை, காலில் ஒரு கொப்புளம் தவிர.

உன் ஆசிரியரை ஒட்டகத்துக்கும் குருவிக்கும் படித்துக் காட்டினேன். இப்போது மேடம் முதற்கொண்டு என்னை "சார்" என்கிறார்கள்.

எங்கள் அணியில் கணக்கு என்று ஒருத்தி இருக்கிறாள். விளையாடமாட்டாள். ஓரத்தில் உட்கார்ந்து எழுதுவாள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், அதில் பாதி மைதானத்தின் படம். எங்கிருந்து பந்தை எறிகிறோமோ அந்த இடத்தில் குறி. விழுந்தால் வட்டம், விழாவிட்டால் பெருக்கல் குறி. குருவியின் தாள் எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும். என் தாள் வெள்ளை.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த வெள்ளைத் தாளைப் பார்த்து உள்ளுக்குள் எனக்குப் பெருமை. சுத்தம். ஒரு தவறுகூட இல்லை. ஒரு வருஷமாக இப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

கணக்கு சொன்னாள்: "உன் தாளை நான் மாத்தறதே இல்லை. தேதியை மட்டும் அடிச்சு எழுதிக்கறேன்."

எங்கிருந்து வந்தது இந்தப் புத்தி என்று யோசித்தேன். நம் தெரு. கிடங்குச் சுவரில் நீ ஆணியடித்து மாட்டிய பீப்பாய் வளையம். தெரு சரிவு. நான் தவறவிட்டால் பந்து பெரிய சாலை வரை உருண்டுபோகும். நான் சின்னவள் என்பதால் நீதான் ஓடுவாய். மூச்சிரைக்கத் திரும்பி வருவாய். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால்தான் எனக்குப் பாவமாக இருந்தது. கிட்டப் போய் மட்டும் போட ஆரம்பித்தேன். பிறகு போடுவதை விட்டுவிட்டு உன்னிடமே கொடுக்க ஆரம்பித்தேன்.

அத்தனை ஓட்டத்துக்கும் உனக்கு நான் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. இப்போது சொல்கிறேன்.

நேற்றுப் பயிற்சியில் ஒரு பந்து எறிந்தேன். ரிங்கில் படவில்லை, போர்டில் படவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

பதில் போடு. உடம்பைக் கவனி.

வாண்டு


ஆகஸ்ட் 31

வாண்டு,

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். கோபித்துக்கொண்டிருப்பாய். முதுகு தேவலை. கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தாகிவிட்டது. உன் கொப்புளத்தைக் கிள்ளாதே.

இங்கே ஊழியர்களுக்கும் வருடாந்தரச் சோதனை நடந்தது. அந்த மும்முரம். புதிதாகச் சேர்ந்த பெண் எனக்குச் சோதனை செய்தாள். நான் பழக்கியவள். தேறினேன்.

உன் நன்றியைத் திருப்பி அனுப்புகிறேன். உனக்கு விவரம் போதவில்லை. அம்மா என்னையும் பெரிய சாலைக்கு விடமாட்டாள். பந்து போனால் மட்டும்தான் விடுவாள். நீ தவறவிட்ட ஒவ்வொரு பந்துக்கும் நான் ஒரு தடவை சாலையைப் பார்த்தேன். சினிமா போஸ்டர் மாறியிருக்கும். பஸ்ஸில் காலேஜ் பெண்கள் தொங்கிக்கொண்டு போவார்கள். சைக்கிள் கடைக்காரர் ரேடியோ வைத்திருப்பார், ஒரு பாட்டு முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வருவேன். மூச்சிரைத்தது நடிப்பு. நீ கிட்டப் போய்ப் போட ஆரம்பித்ததில் எனக்குத்தான் பெரிய இழப்பு.

நல்லெண்ணத்தில் நீ என் சாலையை மூடிவிட்டாய். பரவாயில்லை. ஈடு கட்டு.

எனக்கு வட்டம் எதுவும் வேண்டாம். பத்துப் பெருக்கல் குறி போட்ட உன் தாள் ஒன்று வேண்டும். ஒரே மேட்சில் பத்து. கணக்கிடம் வாங்கி அனுப்பு. அதுவரை எனக்கு எழுதாதே.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


செப்டம்பர் 13

அக்கா,

பல் எடுத்த இடம் ஆறியதா? சூடாக எதையும் குடிக்காதே. நான் நலம். தாள் இத்துடன். கார்பன் பிரதி. கணக்கு அசல் தரமாட்டாள்.

எண்ணிப் பார். பெருக்கல் குறி ஏழுதான். இடையில் இரண்டு தெரியாமல் உள்ளே விழுந்துவிட்டன. மன்னித்துக்கொள்.

முதல் மூன்று தவறியபோது கூட்டத்தில் யாரோ "பந்துக்கு வலிக்கப் போகுது" என்றான். நான்காவதும் தவறியது. ஆனால் ஐந்தாவதற்கு எழும்பியபோது எனக்கு முன்னால் ஒரு கை இருந்தது. தடுக்க ஒருத்தி வந்திருந்தாள். இத்தனை நாளில் முதல் முறையாக என்னைத் தடுக்க ஒருத்தி. அவள் காலி செய்துவிட்டு வந்த இடத்தில் ஒட்டகம் தனியாக நின்றாள். கொடுத்தேன். போட்டாள். பிறகு அதே மாதிரி ஆறு தடவை.

ஜெயித்தோம். ஒன்பது புள்ளியில்.

"ஏழு மிஸ் பண்ணிட்டேன் மேடம்."

"எண்ணினேன். அந்த ஏழும் சேர்ந்துதான் இந்த ஒன்பது."

பிறகு திரும்பிப் பார்க்காமல் போனார். அவர் பாராட்டு அப்படித்தான்.

இன்னும் மூன்று குறி பாக்கி. இருந்தாலும் எழுதிவிட்டேன், பொறுக்கவில்லை. அந்த சாலைக் கதையை நீ எழுதியிருக்காவிட்டால் நான் எழும்பியிருக்க மாட்டேன். தவறிய ஒவ்வொரு பந்துக்கும் நீ ஒரு போஸ்டர் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு விசாரணை. போன மாதம் நீ வீட்டுக்குப் போனபோது அம்மா எது சொன்னாலும் "ம்" என்றாயாம். "உப்பு போதுமா" என்று கேட்டாலும் ம். "வீடு பற்றி எரிகிறது" என்றாலும் ம். நீ யாரையோ மனதில் வைத்திருக்கிறாய் என்பது அம்மாவின் முடிவு. யார் அவர்? என்ன உத்தியோகம்?

வாண்டு


செப்டம்பர் 27

அன்புள்ள வாண்டு,

பல் போன இடத்தில் நாக்கு தானாகப் போகிறது. மற்றபடி சுகம். சளி பிடித்தது, விட்டுவிட்டது.

உன் தாளைக் கட்டிலுக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். அறையைக் கொஞ்சம் மாற்றிப் போட்டேன். மேஜையை ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்துக் கதவைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். யார் உள்ளே வந்தாலும் தெரியும். நிமிர்ந்தால் வாசல், அதற்குப் பக்கத்தில் உன் ஏழு குறிகள். காலையில் பார்க்க நன்றாக இருக்கிறது.

அம்மாவுக்கு வேறு வேலை இல்லை. தையல் மிஷினை ஓட்டிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே பேசுகிறாள். யாருக்குக் கேட்கும்? அவர் உத்தியோகம் என்னவென்று தெரிந்தால் நானும் எழுதுகிறேன்.

மூன்று குறி பாக்கி என்பதை மறக்காதே.

இங்கே இப்போது சொல் சோதனைதான் அதிகம். நான் ஒரு சொல் சொல்வேன், கண்ணாடி அறைக்குள் இருப்பவர் திருப்பிச் சொல்வார், சரியா தவறா என்று குறிப்பேன். நாள் முடிவில் தலை கனக்கிறது. இந்த வாரம் பெரிய மீசைக்காரர் ஒருவர் வந்தார். மேலுதடே தெரியவில்லை. கஷ்டமாக இருந்தது.

கால்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா


அக்டோபர் 21

அக்கா,

நலமா? இந்த வார்த்தையை எழுதிவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வெள்ளி உங்கள் ஊரில் எங்களுக்கு மேட்ச். சொல்லாமல் வந்து நின்றால் நீ திகைப்பாய் என்று மத்தியானம் கிளினிக்குக்கு வந்தேன். வெளியறையில் நீ உட்கார்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாய். முதுகு என் பக்கம். அங்கே மிஷின் ஓடவில்லை. மின்விசிறிகூட நின்றிருந்தது.

அக்கா என்றேன். இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து, அக்கா. மூன்றாவதும். அந்தப் புதுப் பெண் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நீ பார்க்கவில்லை. பிறகுதான் தோளைத் தொட்டேன்.

"திருட்டுப் பூனை. எப்படி வந்தே சத்தமில்லாம?" என்றாய்.

நான் சிரித்தேன். நீ எனக்குக் காபி வாங்கித் தந்தாய். என் முகத்தையே பார்த்தாய், உதட்டை. நான் பேசியபோது மட்டும். எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க வேண்டியது வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பந்தை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் உடம்பு எப்படி என்று கேட்டேன். முதுகு சொன்னாய். பல் சொன்னாய். சளி சொன்னாய்.

எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தப்பாக இருக்கலாம். கேட்ட மாதிரி இருந்தாலே அழுத்தச் சொன்னது நீ. அழுத்துகிறேன்.

அக்கா, உனக்குக் காது கேட்கிறதா?

அந்தச் சோதனையில் எப்படித் தேறினாய்?

வாண்டு


நவம்பர் 19

அக்கா,

நலம் கேட்டு எழுதுகிறேன், பதிலுக்கு நெருக்கவில்லை. நான் நலம்.

நாலு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. கிளினிக்குக்குப் போன் செய்தேன். கம்பவுண்டர் எடுத்தார். "உங்க அக்கா நல்லா இருக்காங்க, வேலையா இருக்காங்க" என்றார். இரண்டு வாக்கியத்துக்கும் இடையில் கொஞ்சம் யோசித்தார்.

முன்பென்றால் இந்த மௌனத்துக்கு நான் செத்துப்போயிருப்பேன். கேட்டிருக்கவே கூடாது என்று படுத்திருப்பேன். இப்போது அப்படி இல்லை. ஒன்று எறிந்தேன். விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. விழாவிட்டால் என் தாளில் ஒரு பெருக்கல் குறி. இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. உன் காதலர் விஷயமாக அவள் இன்னும் தீவிரமாக இருக்கிறாள்.

நேற்று மேட்சில் எட்டுக் குறி. மூன்று வட்டம். முதலாமாண்டுப் பெண் நன்றாகப் போடுகிறாள். மேடம் இன்னும் முடிவு சொல்லவில்லை.

குளிர் வந்துவிட்டது. கம்பளி எடுத்து வை.

வாண்டு


டிசம்பர் 3

என் வாண்டு,

நலமில்லை. இப்படி எழுதி எவ்வளவு நாளாகிறது.

இடது காது போன வருஷமே போய்விட்டது. வலது, வெயில் காலத்திலிருந்து குறைந்துகொண்டே வருகிறது. போனில் லைன் சரியாகத்தான் இருந்தது.

எப்படித் தேறினேன் என்று கேட்டாய். அந்தப் பெண்ணைப் பழக்கியது நான். எத்தனை எண்ணிக்கைக்கு ஒரு சத்தம், எங்கே இழுத்து நிறுத்துவது, எல்லாம் என்னிடம் கற்றது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தோள் லேசாக அசையும். அதுவும் என் பழக்கம். கண்ணாடி வழியாகத் தோளைப் பார்த்தேன், மனதுக்குள் எண்ணினேன், அழுத்தினேன். பாதிக்கு மேல் நான் கேட்காதவை. என் காது தாளில் பிரமாதம்.

நீ ரிங்கைப் பார்த்தும் எறியாமல் இருந்தாய். நான் கேட்காமலே அழுத்தினேன். அம்மா நம்மை எப்படி வளர்த்தாளோ.

வேலை போய்விடும் என்ற பயம். வேறென்ன. காது பார்க்கிற இடத்தில் காது கேட்காதவள்.

ஆனால் அந்த மீசைக்காரர். அவர் திருப்பிச் சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை. உதடும் தெரியவில்லை. இருபது சொல்லுக்கும் "சரி" என்று போட்டு அனுப்பினேன். அவர் "ரொம்ப நன்றிம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அதைக் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் கடிதம் வந்து பத்து நாள் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு போய் வந்தேன். கோபம்தான் முதலில். சின்னக் கழுதை, என்னையா கேட்கிறாய் என்று. பிறகு டாக்டரம்மா அறைக்குப் போய், எனக்கு மறுபடி சோதனை செய்யுங்கள், நீங்களே செய்யுங்கள், வரிசையை மாற்றிச் செய்யுங்கள் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. செய்தார். தாளைப் பார்த்துவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"எத்தனை பேருக்கு இந்தத் தாளை நீ விளக்கியிருப்பே? உனக்கு யாரு விளக்கறது?"

மீசைக்காரருக்கு நான் செய்ததையும் சொன்னேன்.

"மீசைக்காரரை நாளைக்கே திரும்பக் கூப்பிடு. அவர்கிட்ட நீயே சொல்லு."

கூப்பிட்டோம். அவர் வந்தார். சொன்னேன். அவர், நான் பார்க்கட்டும் என்று மீசையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார்: "பரவாயில்லைம்மா. எனக்கும் நீங்க கேட்டது பாதி கேக்கலே. சும்மா ஏதோ சொன்னேன்." இருவரும் சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது. புதுப் பெண் அவருக்கு முறையாகச் செய்தாள்.

வேலை இருக்கிறது. சொல் சோதனை இனி என் கையில் இல்லை. காதுக் கருவி பொருத்துகிற மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். முதலில் எனக்கே பொருத்திக்கொள்ள வேண்டும். அளவெடுத்தாகிவிட்டது.

சத்தமே இல்லாத அறையில் நீ மூன்று தடவை அக்கா என்று கூப்பிட்டதை நினைத்துக்கொள்கிறேன். நான்காவதாகக் கடிதத்தில் கூப்பிட்டாய். அது கேட்டது. உனக்கு என்ன கைம்மாறு செய்வேன் தெரியவில்லை.

அம்மாவிடம் நானே சொல்கிறேன். பாவம், மாப்பிள்ளை இல்லை என்று தெரிந்தால் உடைந்துபோவாள்.

அக்கா


டிசம்பர் 16

அக்கா,

உன் கடிதத்தைக் குளியலறை வரிசையில் நின்று படித்தேன். என் முறை வந்து போய்விட்டது. ஒட்டகம் பின்னால் இருந்து, "என்னாச்சுடி, யாராவது போய்ட்டாங்களா?" என்றாள். இல்லை, ஒருத்தி திரும்பி வந்திருக்கிறாள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. துண்டை என் தோளில் போட்டுவிட்டு முன்னால் போனாள்.

கைம்மாறு வேண்டாம். என்னிடம் இருப்பது எல்லாம் நீ எடுத்து வந்து கொடுத்த பந்துதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜனவரி பதினெட்டு, கால் இறுதி. இங்கேயே. மேடம் பட்டியல் ஒட்டிவிட்டார். என் பெயர் இருக்கிறது. முதலாமாண்டுப் பெண் பெயரும் இருக்கிறது. யார் இறங்குவது என்று அன்றைக்குத்தான் தெரியும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா.

கருவி காதில் உறுத்துகிறதா? விரிவாக எழுது.

வாண்டு


ஜனவரி 5

வாண்டுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே.

நாலு நாளாகப் போட்டிருக்கிறேன். உறுத்துகிறது. உலகம் இவ்வளவு சத்தமாக இருந்ததை மறந்துவிட்டேன். காகிதத்தை மடித்தால் கூரை இடிகிறது. என் செருப்பு என் பின்னாலேயே நடந்து வருகிறது. நான் மெல்லுவது எனக்கே சகிக்கவில்லை. இத்தனை நாள் எல்லாரும் எப்படிப் பொறுத்தீர்கள்?

பழகும் என்று மற்றவர்களுக்குச் சொல்வேன். இப்போது அதை நம்பிச் சொல்கிறேன். நேற்று ஒரு கிழவி, "உனக்கு என்ன தெரியும், காதுல நண்டு பூந்த மாதிரி இருக்கு" என்று கருவியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். தலைமுடியை ஒதுக்கிக் காட்டினேன். திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அம்மாவிடம் சொன்னேன். அழுதாள். பிறகு, "அப்ப நான் போன மாசம் சொன்னது எதுவும் நீ கேக்கலியா? எல்லாத்தையும் மறுபடி சொல்லணுமா?" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பதினெட்டாம் தேதி இருவரும் வருகிறோம். உன் பத்தாவது குறியைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்ததா? நான் நலம், உடம்பெல்லாம் வலி, நல்ல வலி.

நீ பார்த்ததைத்தான் எழுதப்போகிறேன். உள்ளேயிருந்து எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியவேண்டும்.

மேட்சுக்கு முன் பயிற்சி எறிதல். அப்போது வரை மேடம் யார் பெயரும் சொல்லவில்லை. நான் கோட்டுக்கு வெளியேயிருந்து ஒன்று எறிந்தேன். ரிங்கில் பட்டு, எகிறி, உங்கள் வரிசைப் பக்கம் வந்தது. நீ அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாய். முதுகு என் பக்கம். பந்து உனக்குப் பின்னால் ஒரு தடவை குதித்தது. இரண்டாவது தடவை. மூன்றாவதற்குள் நீ திரும்பிவிட்டாய்.

யாரும் உன்னைக் கூப்பிடவில்லை அக்கா. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு நீ ஓடினாய், இருபத்தாறு வயதுக்காரி, செருப்பைக் கழற்றிவிட்டு, பந்து கதவைத் தாண்டி வெளியே போகிற வரைக்கும். கொஞ்ச நேரம் வரவே இல்லை. திரும்பி வந்தபோது மூச்சிரைத்தாய். நடிப்பு என்று எனக்கு மட்டும் தெரியும்.

"யாரது?" என்றார் மேடம்.

"எங்க அக்கா."

"நீ இறங்கு," என்றார்.

ஒரு புள்ளியில் தோற்றோம். கடைசியில் நான் எறிந்தது ரிங்கைச் சுற்றி வெளியே வந்தது. பதினோராவது பெருக்கல் குறி. முதல் முறையாகப் பத்தைத் தாண்டினேன். தாள் இத்துடன், அசல். கணக்கு தானாகவே கொடுத்தாள். வட்டம் ஐந்து. அதை நீ எண்ண வேண்டாம்.

தோற்ற இரவு அழவில்லை. எல்லாருக்கும் என்னவோ நன்றி சொல்லத் தோன்றியது. ஆறடி தள்ளி நின்றவளுக்கு, மீசைக்காரருக்கு, சைக்கிள் கடை ரேடியோவுக்கு.

இன்று காலை பலகையில் ஒரு தாள். "கார்டுகள் இருவரும் சேர்ந்து: இருபத்து மூன்று புள்ளி." அதன் கீழே அடுத்த வருடத்துக்கான பட்டியல். விடுதி அறை எண்ணோடு என் பெயர். ஜன்னல் பக்க அறை.

அன்று பந்தை எடுக்கப் போனாயே. வெளியே என்ன பார்த்தாய்? நீ சொல்லவே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாண்டு

*

வாண்டு உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டாள். பிறகு விடுதி வாசலுக்கு வந்து, அக்காவின் கிளினிக் எண்ணோடு போனுக்கான வரிசையில் நின்றாள். முன்னால் நான்கு பேர்.